பாஸான சிலிண்டர்

தண்ணியக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதனையில் தேறாத சிலிண்டருக்கு முதலில் துளை, அப்புறம்தான் பேச்சு. ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பதமாக எடுத்துச் சொல்லிவிட்டுத் துளை போடலாம் என்று போனால் தொலைந்தது. கெஞ்சுவார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள், "பாதி அழுத்தத்துக்கு மட்டும் காத்து ரொப்பிக்கிறேன்க்கா, சத்தியமா" என்று பேரம் பேசுவார்கள். காற்றோடு பேரம் பேச வந்துவிட்டார்கள், பெரிய ஆட்கள்! அதனால் அவள் முதலில் டிரில்லை எடுத்துச் சிலிண்டரின் வயிற்றில் ஒரு துளை போட்டு, இனி எந்த ஜென்மத்திலும் அது காற்றுப் பிடிக்காது என்று உறுதி செய்துகொண்டுதான் ஆளைக் கூப்பிடுவாள். திட்டுவார்கள். திட்டட்டுமே, திட்டினால் உடம்பில் ஒட்டிக்கொள்கிறதா என்ன?

காற்றுத் துப்பாக்கி என்றால் ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைப்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். துப்பாக்கிக் குழலுக்கு அடியில் திருகி மாட்டியிருக்கிற அந்த முழங்கை நீள எஃகு சிலிண்டருக்குள், கார் டயரில் இருப்பதைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு அழுத்தத்தில் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. சுடுகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டுதான் குறி பார்க்கிறார்கள். சில வருஷங்களுக்கு ஒரு முறை அதைக் கழற்றிச் சோதிக்க வேண்டும், அதுதான் அவள் வேலை. சிலிண்டருக்குள் தண்ணீரை நிரப்பி, அதைத் தண்ணீர் நிறைந்த ஒரு மூடிய தொட்டிக்குள் இறக்கி, வழக்கமான அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு கொடுப்பாள். சிலிண்டர் இம்மியளவு உப்பும். உப்புகிற அளவுக்குத் தொட்டியோடு சேர்ந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறும். அழுத்தத்தை எடுத்தால் தண்ணீர் இறங்கிப் பழைய கோட்டுக்கு வந்துவிட வேண்டும். வராமல் நடுவிலேயே நின்றுவிட்டால் எஃகு நெளிந்துவிட்டது, இனி அதை நம்ப முடியாது என்று அர்த்தம். காற்றை வைத்து இதே வேலையைச் செய்தால், வெடிக்கிற சிலிண்டர் ஆளையும் சேர்த்துக்கொண்டு போகும். தண்ணீர் என்றால் 'பொட்' என்று ஒரு சத்தம், தரை கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். நாள் முழுக்க நனைந்த கையோடு நிற்பவளுக்குப் பட்டறையில் தண்ணியக்கா என்று பேர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அன்றைக்குச் சிலிண்டரைக் கொண்டுவந்தது அவள் கொழுந்தன். சுடும் கிளப்பில் அவன்தான் கோச். சிலிண்டர் தண்ணியக்காவின் மகள் சுடுகிற துப்பாக்கியுடையது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே "இவ கை நடுங்காத கை அண்ணி, என்கிட்ட விடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய், தன் சொந்தத் துப்பாக்கியையே கொடுத்துப் பழக்கியவன் அவன். பெற்ற பிள்ளையைப்போலத்தான் பார்த்துக்கொண்டான், அதில் குறை சொல்ல முடியாது. அடுத்த மாதம் அணித் தேர்வு. இந்த முறை பாப்பாவுக்கு இடம் நிச்சயம் என்று கிளப்பே பேசிக்கொண்டிருந்தது.

மற்றவர்கள் வெளியே பெஞ்சில் உட்காருவார்கள். கொழுந்தன் என்பதால் உள்ளே வந்து அவள் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றான். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறியதை அவனும் பார்த்தான். அழுத்தத்தை எடுத்ததும் கொஞ்சம் இறங்கி, நடுவழியில் நின்றதையும் பார்த்தான்.

"இறங்குமா அண்ணி? கொஞ்சம் வெயிட் பண்ணுவோமா?"

"விடிய விடிய நின்னாலும் இறங்காது தம்பி."

சிலிண்டரைக் காலி செய்து, துடைத்து, குச்சிக் கேமராவை உள்ளே விட்டாள். அடிப்பக்கத்தில் மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி துருக்குழிகள்.

"கைப்பம்புல ரொப்பினீங்களா?"

"லீவு நாள்ல பாப்பா வீட்டுலயே ரொப்பிக்குவா. ஏன்?"

"காத்தோட ஈரமும் சேர்ந்து போயிருக்கு. உள்ள அரிச்சுத் தின்னிருக்கு பாருங்க." சொல்லிக்கொண்டே டிரில்லை எடுத்தாள்.

அவன் பாய்ந்து வந்து சிலிண்டரின் மேல் கையை வைத்துக்கொண்டான். "அண்ணி, அண்ணி, ஒரு நிமிஷம்! இந்த மாடலுக்குச் சிலிண்டர் செய்யறதையே நிறுத்திட்டாங்க. வேற துப்பாக்கி எடுத்தா அவளுக்குக் கை படியறதுக்கே அரை வருஷம் ஆகும். தேர்வு போச்சுன்னா போச்சு. ஓட்டை மட்டும் போடாதீங்க."

"தேறாததுக்கு ஓட்டை போடாம வெளிய விட்டதே கிடையாது தம்பி. கையை எடுங்க."

அவன் கையை எடுக்கவில்லை. மற்ற கையால் அண்ணனுக்குப் போன் போட்டு அவள் காதுக்கு நேராகப் பிடித்தான். அவள் வீட்டுக்காரர் எதையும் கேட்டு முடிக்கிற ஆளில்லை. "ஏய், அது அவன் சாமான். அவனே வேண்டாம்னு சொல்றப்ப நீ எப்படி ஓட்டை போடுவே? நாளைக்கு அவன் மூஞ்சியில நான் முழிக்க வேண்டாமா? குடுத்தனுப்பு, வீட்டுல பேசிக்கலாம்" என்றார். பட்டறை முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் "உங்க குடும்ப விஷயம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நல்ல முதலாளி!

"துப்பாக்கியில மாட்டவே மாட்டேன் அண்ணி. பாப்பா மேல சத்தியம். ஷோகேஸ்ல வச்சுக்கிறேன்" என்றான் கொழுந்தன்.

அவள் டிரில்லைக் கீழே வைத்தாள். எத்தனையோ பேர் கெஞ்சியபோது கல்லாக நின்றவள், சொந்தம் என்று வந்ததும் இளகிவிட்டாள். அவன் சிலிண்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனான்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். "அண்ணி, முதல்ல வாயைத் திறங்க!" அவள் வாயில் ஒரு துண்டைத் திணித்துவிட்டு, மேஜைமேல் சிலிண்டரை வைத்தான். அதன் கழுத்தில் புது முத்திரை பளபளத்தது.

"பாஸ்!" என்றான். "பாலத்தடிக் கடையில கொடுத்தேன். தண்ணி ஜம்முனு பழைய கோட்டுக்கே இறங்கிடுச்சு. நானே பார்த்தேன்."

மகள் எழுந்து வந்து சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் இரண்டு இனிப்பை ஒன்றாக எடுத்தார்.

"நான் ஏற்கெனவே சோதிச்சதை அங்க சொன்னீங்களா?" என்றாள் தண்ணியக்கா.

"அதை எதுக்கு அண்ணி சொல்லணும்? புதுசா ஒருத்தர் பார்க்கட்டும்னுதானே கொண்டு போனேன்."

அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த வில்லங்கம் இது. எப்படிச் சொன்னால் இவர்களுக்குப் புரியும்? உள்ளே போய்ப் பழைய பாவாடை ஒன்றின் எலாஸ்டிக்கை உருவிக்கொண்டு வந்தாள். "இதைப் பாருங்க. ஒரு தடவை அளவுக்கு மேல இழுத்தாச்சு, தொளதொளன்னு ஆயிடுச்சு. இப்ப மறுபடி அதே அளவுக்கு இழுக்கிறேன். விட்டா எங்க இருந்துச்சோ அங்கயே வந்து நிக்குது. அதுக்காக இது புது எலாஸ்டிக்கா? நெளிய வேண்டியதெல்லாம் என் பெஞ்சுலயே நெளிஞ்சு முடிஞ்சுது. அதே அழுத்தத்தை அவர் இன்னொரு தடவை கொடுத்தா, அது சமர்த்தா இறங்கத்தான் செய்யும். என் சோதனைதான் அதை அங்க பாஸ் பண்ண வச்சிருக்கு. அதனாலதான் தோத்ததை மறுபடி சோதிக்கவே கூடாது. அதனாலதான் நான் ஓட்டை போடறேன்!"

எல்லோரும் எலாஸ்டிக்கைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். "ரெண்டு டாக்டர்கிட்ட காட்டினோம். ஒருத்தர் பொழைச்சுக்குவான்னுட்டார். இவ மட்டும் பொணத்தைத் தூக்குங்கன்னு நிக்கிறா." கொழுந்தனும் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. ஆனால் அம்மாவின் பக்கத்திலும் வரவில்லை.

"அம்மா, நீ சொல்றது எனக்குக் குழப்பமா இருக்கு. நேரா கேக்கறேன், அது வெடிக்குமா?"

"வெடிக்கலாம்."

"எப்போ?"

"அது எனக்கு எப்படிடீ தெரியும்? நாளைக்கு வெடிக்கலாம், பத்து வருஷம் வெடிக்காமலும் இருக்கலாம்."

"அப்ப உனக்கும் தெரியாது" என்றாள் மகள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் தண்ணியக்கா பாலத்தடிக் கடைக்கே போனாள். கடைக்காரர் அவளைவிட இளையவர், தொழிலில் ஏமாற்றுக்காரர் என்று பேரெடுத்தவர் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. ஒரே தொழில்காரர், எலாஸ்டிக் எல்லாம் தேவைப்படவில்லை.

"கோச் சார் சொல்லவே இல்லக்கா. தெரிஞ்சிருந்தா தொட்டே இருக்க மாட்டேன்."

"இப்பத்தான் நான் சொல்லிட்டேன்ல? முத்திரை செல்லாதுன்னு நீங்களே கிளப்புக்குச் சொல்லிடுங்க. நான் சொன்னா வீட்டுச் சண்டைங்கிறாங்க."

அவர் தன் தொட்டியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். "கிளப் சிலிண்டர் அத்தனையும் இனிமே என்கிட்டதான்னு சொல்லிட்டுப் போயிருக்கார்க்கா. முதல் வேலையே தப்புன்னு நானே போய் நின்னா, அப்புறம் எவன் வருவான்? என் குழாயில தண்ணி இறங்கிச்சு. நான் பொய் முத்திரை குத்தலையே."

"பொய்யா குத்தியிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டாவது போவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். அவர் வாசல்வரை கூடவே வந்து, "பார்த்துப் போங்கக்கா" என்றார். அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது.

கிளப்புக்கும் போனாள். துப்பாக்கிகளைப் பார்வையிடுகிற அதிகாரி முத்திரையில் தேதியைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு?" என்றார். கொழுந்தன் அன்றையிலிருந்து பயிற்சி முடிந்ததும் சிலிண்டரைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினான், சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டான். மகள் தினமும் போய்ச் சுட்டுவிட்டு வந்தாள். கதவு திறக்கிற சத்தம் கேட்கும்வரை தண்ணியக்காவுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. வந்தவளை மேலும் கீழும் பார்ப்பாள். "இன்னைக்கும் முழுசாத்தான் வந்திருக்கேன்மா" என்று மகள் எரிந்து விழுவாள். ஒவ்வொரு நாளும் ஒன்றும் ஆகாமல் கழிந்தது, ஒவ்வொரு நாளும் அவள் பேச்சு இன்னும் கொஞ்சம் செல்லாக்காசானது. இப்படியும் ஒரு கொடுமை உண்டா, சொல்லுங்கள்!

தேர்வு நாளன்று வீட்டுக்காரரோடு கிளப்புக்குப் போனாள். தோள்பை கனத்தது. என்ன என்று அவர் கேட்டார். பிளாஸ்க் என்றாள். வாழ்க்கையில் அவரிடம் அவள் சொன்ன சொற்பப் பொய்களில் அது ஒன்று.

காற்று ரொப்புகிற அறை பின்பக்கம் இருந்தது. கொழுந்தன் பெரிய காற்றுத் தொட்டியிலிருந்து சிலிண்டரை ரொப்பி, மேஜைமேல் வைத்துவிட்டு, பெயர் கூப்பிடுகிறார்களா என்று பார்க்க முன்னால் போனான். அவள் உள்ளே நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். பையிலிருந்து காற்றை வெளியேற்றுகிற திருகை எடுத்துச் சிலிண்டரின் வாயில் பொருத்திக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. சிலிண்டரின் கழுத்து விரல் ஒட்டுகிற அளவுக்குச் சில்லிட்டுப்போனது. அந்தச் சீறலை எந்தச் சுவரும் தடுக்கவில்லை. யாரோ ஓடி வந்து கதவைத் தட்டினார்கள்.

"யார் உள்ள? சித்தப்பா, நீங்களா?"

அவள் திருகை விடவில்லை. காற்று முழுக்கப் போனபிறகுதான் டிரில்லைத் தொட முடியும். முன்னால் தொட்டால் எதற்காக இத்தனை பாடுபட்டாளோ அதுவே அவள் கையில் நடந்துவிடும். மகள் ஜன்னல் பக்கம் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். சுடுகிறவர்கள் போடும் தடித்த கோட்டைப் போட்டிருந்தாள், முதுகில் எண் குத்தியிருந்தது.

"அம்மா, என்ன பண்றே? அம்மா!"

சீறல் நின்றது. தண்ணியக்கா சிலிண்டரை மேஜையோரத்து வைஸின் இரும்புத் தாடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கினாள்.

"அம்மா, இன்னைக்கு ஒரு நாள்மா. இன்னைக்குச் சுட்டுட்டு நானே உன் கையில கொண்டுவந்து தரேன். நீயே ஓட்டை போடு. அறுபது குண்டும்மா, அவ்வளவுதான். இத்தனை நாள் வெடிக்கலையே, அறுபது குண்டுல வெடிச்சிடுமா? ப்ளீஸ்மா. நான் உன்கிட்ட எப்பவாவது எதையாவது கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. அதுதான் அவள் நெஞ்சை அறுத்தது. ஒரு நாள்தானே என்று அவளுக்கும் தோன்றியது. இத்தனை நாள் தாங்கினது இன்றைக்கும் தாங்கத்தான் செய்யும், அநேகமாகத் தாங்கும். இந்த 'அநேகமாக' என்ற வார்த்தையைத்தான் கெஞ்ச வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் மகளின் முகத்தைப் பார்க்காமல் டிரில்லை அழுத்தினாள். எஃகு சட்டென்று இடம் கொடுக்கவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்த வேண்டியிருந்தது. ஜன்னலில் மகள் கதறிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் கதவை இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தபோது, மேஜைமேல் இரும்புச் சுருள் சிதறிக் கிடந்தது, சிலிண்டரில் துளை விழுந்திருந்தது.

"பாவி!" என்றான். அதுவரை ஒரு முறைகூட அவளை மரியாதைக் குறைவாகப் பேசியிராதவன்.

பெயர் கூப்பிட்டார்கள், மகள் போய் நிற்கவில்லை. வேறொருத்தி அணியில் சேர்ந்தாள்.

சரி, இனியாவது புரிய வைப்போம் என்று தண்ணியக்கா சிலிண்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, வீட்டு மேஜைமேல் வைத்தாள். எல்லோரையும் வரச் சொன்னாள். வந்தார்கள். உள்ளே துருக்குழிகள் இருந்தன, அவள் சொன்ன மாதிரியே. ஆனால் கேமராவில் பெரிதாகத் தெரிந்தது கண்ணுக்குக் கடுகளவுதான் இருந்தது.

"இதுக்குத்தானா?" என்றார் வீட்டுக்காரர். "நம்ம வாளிக் கைப்பிடி இதைவிடத் துருப்பிடிச்சுக் கிடக்கு."

"இது மெல்லிசான கீறல், பாருங்க, குழியிலிருந்து ஓடுது" என்று விரலை வைத்துக் காட்டினாள்.

கொழுந்தன் குனிந்து பார்த்தான். "துளைக்குப் பக்கத்துல இருக்கே அண்ணி. நீங்க டிரில் போட்டப்ப வந்ததில்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?"

அவளால் சத்தியம் பண்ண முடியவில்லை. துளையை எங்கே போடுகிறோம் என்று பார்த்தா அன்றைக்குப் போட்டாள்? அந்தக் கீறல் முதலிலேயே இருந்ததா, அவள் அழுத்தின அழுத்தில் வந்ததா என்பது அவளுக்கே தெரியாது. பொய்ச் சத்தியம் பண்ணியிருக்கலாம். அந்தப் புத்தி அவளுக்கு வரவில்லை. கொழுந்தனின் மனைவி வாசலில் நின்றபடியே, "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு பேர் வரப் போகுதுன்னா பொறுக்காதே சில பேருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். அவர்கள் கிளம்பும்போது மகளும் துணிப்பையோடு அவர்கள் கூடவே போனாள். பயிற்சிக்குச் சித்தப்பா வீடுதான் பக்கம் என்றாள். இத்தனை வருஷமும் அதே தூரத்தில்தான் இருந்தது அந்த வீடு.

மாதங்கள் ஓடின. தண்ணியக்கா போன் செய்தால் மகள் எடுத்து, "சாப்பிட்டேன், தூங்கினேன், நல்லா இருக்கேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். நல்லா இருக்கிறாள், அது போதும் என்று தண்ணியக்கா பட்டறையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள். போதவில்லை என்பது கேட்டவர்களுக்கும் தெரியும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "பாப்பாவுக்கு வேற துப்பாக்கி வந்திருச்சு. ஒருத்தர் வச்சிருந்த பழசுதான், ஆனா நல்லா இருக்காம்" என்றார்.

அவள் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "சிலிண்டர்?"

"சோதிக்கக் கொடுத்திருக்காங்க."

"எங்க?"

"பாலத்தடிக் கடையில."

"ஏங்க, அதை ஒரே ஒரு தடவை என்கிட்ட கொண்டுவரச் சொல்லுங்களேன். உள்ள மட்டும் பார்த்துட்டுக் குடுத்துடறேன். நான் துளை போட மாட்டேன். எப்படி இருந்தாலும் போட மாட்டேன். உங்க தம்பி பக்கத்துலயே நிக்கட்டும், டிரில்லை வேணும்னா முதல்லயே அவர் கையில குடுத்துடறேன்."

அவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "தம்பி உன்கிட்டதான் கொடுக்கலாம்னான்" என்றார். "பாப்பாதான் கூடாதுன்னு சொல்லிட்டா."